இன்ஃபார்ம்டு கன்சென்ட்: அறிந்து தரும் ஒப்புதல்

புது மருந்தையோ சிகிச்சையையோ மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வில் ஒரு நோயாளியைச் சேர்ப்பதற்கு முன், அதைப் பற்றி மருத்துவர் அவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். கேட்டுப் புரிந்துகொண்டு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நோயாளி சம்மதிக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் 'இன்ஃபார்ம்டு கன்சென்ட்'. கையெழுத்து அதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

'கன்சென்ட்' லத்தீன் வழி வந்த சொல். 'கான்' என்றால் கூட, 'சென்டிரே' என்றால் உணர்தல். இருவர் மனமும் ஒன்றுபடுவது. வடமொழியின் 'சம்மதம்' கிட்டத்தட்ட இதே அமைப்பு. தமிழின் 'ஒப்புதல்' ஒத்துப்போவதைக் குறிக்கிறது.

'இன்ஃபார்ம்டு கன்சென்ட்' என்ற சொல்லைவிட நடைமுறை பழையது. 1900இல் கியூபாவில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்த அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட்டின் குழு, தன்னார்வலர்களிடம் ஆபத்தை எடுத்துச் சொல்லி எழுத்து ஒப்பந்தம் வாங்கியது. ஸ்பானியர்களுக்காக அது ஸ்பானிய மொழியிலும் இருந்தது. கைதிகள் மீது சோதனை நடத்திய நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் முடிவில் 1947இல் வந்த நியூரம்பெர்க் நெறிமுறை, தன்விருப்ப ஒப்புதலை முதல் விதியாகவே வைத்தது. 'இன்ஃபார்ம்டு கன்சென்ட்' என்ற தொடர் 1957இல் கலிபோர்னிய நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலிருந்து பரவியது. அது ஆய்வு வழக்குகூட இல்லை. ரத்தக்குழாய்ப் பரிசோதனைக்குப் பின் கால்கள் செயலிழந்த ஒருவர் தொடுத்த வழக்கு.

'இன்ஃபார்ம்டு' என்ற அந்த அடைமொழி ஏன் தேவை என்பதற்கு அமெரிக்காவின் டஸ்கீகியில் நடந்த ஆய்வு போதும். 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிஃபிலிஸ்) கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களை அமெரிக்கப் பொது சுகாதாரத் துறை சும்மா கவனித்துக்கொண்டே இருந்தது. 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் அவர்களிடம் சொன்னார்கள். நோயைக் குணப்படுத்தும் பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்கவில்லை. அவர்கள் வந்தார்கள், ரத்தம் கொடுத்தார்கள், ஒத்துழைத்தார்கள். எதற்கென்று மட்டும் தெரியாது. அதை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது?

தமிழ்ப் படிவங்களில் 'சுய ஒப்புதல் படிவம்' என்ற தலைப்பு அடிக்கடி கண்ணில் படும். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோயாளி தானாக முன்வந்தார் என்பதை அது சொல்கிறது. மருத்துவரின் கடமையை விட்டுவிடுகிறது. 'தகவலறிந்த ஒப்புதல்' பரவாயில்லை, ஆனால் தகவல் காதில் விழுந்தாலே போதும் என்பதுபோல ஒலிக்கிறது. 'அறிந்து தரும் ஒப்புதல்' என்பதே பொருத்தம்: அறிவது முதலில், தருவது அப்புறம், தருபவர் நோயாளி.

அறிவதில் கடினமான இடம் ஒன்று உண்டு. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும் ஆய்வில் மருத்துவர் இப்படிச் சொல்ல வேண்டியிருக்கும்: "உங்களுக்குப் புது மருந்தும் வரலாம், மருந்தே இல்லாத மாத்திரையும் வரலாம். எது என்று எனக்கும் தெரியாது." நோயாளி தலையாட்டுவார். ஆனாலும் "டாக்டர் எனக்கு நல்லதைத்தான் கொடுப்பார்" என்று நம்பிக்கொண்டு போவார். ஆய்வைச் சிகிச்சை என்று எண்ணும் இந்த மயக்கத்தைக் களைய, கேட்டதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்வது நல்ல வழி.

குழந்தைகளுக்கு வேறு சொல் வேண்டும். பெற்றோர் தருவது ஒப்புதல். விவரம் தெரிந்த குழந்தையிடமும் கேட்டுப் பெறுவது 'அசென்ட்'. இதற்கு 'இசைவு' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது. ஒப்புதலோ இசைவோ, தந்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது.