மக்கும், சிதையும்: பயோடிகிரேடபிள், கம்போஸ்டபிள் – சொல் விளக்கம்

கடையில் பை கேட்டால் இப்போதெல்லாம் வெளிர்பச்சை நிறத்தில், தொட்டால் மாவு தடவியது போல் இருக்கும் ஒரு பையைக் கொடுக்கிறார்கள். சில பைகளில் 'பயோடிகிரேடபிள்' என்று அச்சடித்திருக்கும், சிலவற்றில் 'கம்போஸ்டபிள்' என்று. என்ன பை இது என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வரும்: "இது மக்குற பைங்க."

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. செய்தித்தாள், விளம்பரம், அரசு அறிவிப்பு என எல்லா இடத்திலும் இந்த இரண்டு சொல்லுக்கும் 'மக்கும்' என்றுதான் எழுதுகிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒரு சொல் நாள்கணக்கும் அளவும் வைத்துச் சோதிக்கக்கூடிய உறுதிமொழி. இன்னொன்று, தனியாக நின்றால், கிட்டத்தட்ட எதையுமே உறுதி சொல்லாத சொல்.

முதலில் பயோடிகிரேடபிள். கிரேக்கத்தில் 'பயோஸ்' என்றால் உயிர். லத்தீனில் 'கிராடுஸ்' என்றால் படி, 'டி' என்றால் கீழே. நுண்ணுயிர்கள் ஒரு பொருளைப் படிப்படியாகக் கீழிறக்கி எளிய பொருள்களாக்கிவிட முடியும் என்பதே சொல்லின் பொருள். எத்தனை நாளில், எங்கே, கடைசியில் மிஞ்சுவது என்ன? இந்த மூன்றுக்கும் அந்தச் சொல்லில் பதில் இல்லை. காலத்தைக் கேட்கவில்லை என்றால் மரக்கட்டையும் பயோடிகிரேடபிள்தான், தோல் செருப்பும் பயோடிகிரேடபிள்தான்.

இந்தச் சொல் பொதுமக்கள் வாயில் புழங்கத் தொடங்கியது சோப்புத்தூளால். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செயற்கைச் சலவைத்தூள் வீடுவீடாகப் பரவியது. அதில் இருந்த அழுக்கு நீக்கும் வேதிப்பொருளின் மூலக்கூறு கிளை கிளையாகப் பிரிந்தது. பாக்டீரியாக்களால் அதை எளிதில் தின்ன முடியவில்லை. கழிவுநீர் நிலையங்களில் நுரை மலைபோல் எழுந்தது, ஆறுகளில் நுரை மிதந்தது, சில ஊர்களில் குடிநீர்க் குழாயைத் திறந்தாலே நுரை வந்தது. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் கொண்டுவந்து, 1964 முதல் அதை நடைமுறைப்படுத்தியது. அமெரிக்காவில் சோப்பு நிறுவனங்கள், சட்டம் வருவதற்கு முன்பே, 1965வாக்கில் கிளையில்லாத நேர்ச்சங்கிலி மூலக்கூறுக்கு மாறிக்கொண்டன. பாக்டீரியாவால் அதைத் தின்ன முடிந்தது. நுரை பெருமளவு அடங்கியது.

இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு தொழில்துறை முழுதும் தன் மூலப்பொருளையே மாற்றிக்கொண்டது. அன்றைக்கு பயோடிகிரேடபிள் என்ற சொல்லுக்கு எடை இருந்தது. எந்தப் பொருள், எந்தத் தண்ணீரில், எவ்வளவு சதவீதம் சிதைய வேண்டும் என்ற அளவோடு அது வந்தது. பிறகு அந்த அளவுகளைக் கழற்றிவிட்டு, சொல்லை மட்டும் எடுத்துப் பைமேல் ஒட்டிவிட்டார்கள்.

கம்போஸ்டபிள் வேறு வழியில் வந்த சொல். லத்தீனில் 'கொம்பொசிதும்' என்றால் சேர்த்து வைத்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் உரக்குவியலுக்குப் பெயரானது. (சர்க்கரைப் பாகில் பழம் வேகவைக்கும் 'கொம்போத்' என்ற பிரெஞ்சு இனிப்பும் இதே வேர்தான்.) இந்தச் சொல்லுக்கு இன்றைய அறிவியல் பொருள் கிடைத்ததில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஒரு வேளாண் ஆய்வு நிலையத்தை நடத்தினார். தழைக்கழிவு, சாணம், மண்ணும் சாம்பலும் என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து, காற்று போகும்படி புரட்டிவிட்டு, சுமார் மூன்று மாதத்தில் உரமாக்கும் வழியை அங்கே முறைப்படுத்தினார். உலகம் அதை இன்றும் 'இந்தூர் முறை' என்கிறது. இந்திய உழவர்களிடம் தான் கற்றதை அவர் மறைக்கவில்லை.

கம்போஸ்ட் என்ற சொல்லுக்குள் ஒரு முடிவு இருக்கிறது: செடிக்குப் போடக்கூடிய உரம். இடமும் இருக்கிறது, காலமும் இருக்கிறது. அதனால்தான் கம்போஸ்டபிள் பிளாஸ்டிக்குக்குத் தரநிர்ணயம் வகுக்க முடிந்தது. உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 17088தான் இந்தியாவிலும் பின்பற்றப்படுகிறது. அதன் சாரத்தைப் பேச்சுவழக்கில் சொன்னால் இப்படி: சுமார் 58 டிகிரி செல்சியஸ் சூட்டில், காற்றோட்டமுள்ள உரக்குவியலில், 180 நாளுக்குள் அந்தப் பொருளின் கார்பனில் குறைந்தது 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாறிவிட வேண்டும். 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. நச்சு உலோகங்கள் வரம்பைத் தாண்டக் கூடாது. அந்த உரத்தில் விதை போட்டால் ஒழுங்காக முளைக்க வேண்டும்.

இப்போது தமிழுக்கு வருவோம். 'மட்குதல்' பழைய சொல். ஒளி மங்குவது, வலிமை குன்றுவது என்பவை அதன் பழம்பொருள்கள். படிப்பு ஏறாத பிள்ளையை மக்கு என்று திட்டுவது இந்த மங்கலின் தொடர்ச்சிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேச்சில் மட்கு மக்கு ஆனது. உழவர் வாயில் அதற்கு மிகத் துல்லியமான பொருள் உண்டு. 'நல்லா மக்கின எரு' என்று ஒருவர் சொன்னால் அது கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்து, சாண வாடை போய், மண் வாசம் வந்துவிட்டது என்று அர்த்தம். பாதி மக்கியதை வயலில் போட்டால் பயிர் வெளுத்துப்போகும், களையும் கூடவே முளைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆக, மக்குதல் என்றால் சும்மா உடைந்து காணாமல் போவதல்ல, உரமாகி முடிவது.

எனவே கம்போஸ்டபிள் என்பதற்குத்தான் 'மக்கும்' பொருந்தும். கம்போஸ்டுக்கு மட்கு அல்லது மக்கு உரம். பயோடிகிரேடபிள் என்பதற்கு 'உயிரிகளால் சிதையும்' என்று எழுதலாம், சுருக்கமாக 'உயிர்ச்சிதைவுறும்'. சிதைவது எல்லாம் மக்குவதில்லை. மக்குவது எல்லாம் சிதைந்துதான் மக்குகிறது.

வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதற்கு இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு நல்ல சாட்சி. 2019இல் வெளிவந்தது. ஐந்து வகைப் பைகளை மண்ணில் புதைத்தும், கடலில் மூழ்க வைத்தும், திறந்த வெளியில் தொங்கவிட்டும் மூன்று ஆண்டு பார்த்தார்கள். 'பயோடிகிரேடபிள்' என்று அச்சடித்த பை, மூன்று ஆண்டுக்குப் பிறகும் மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் எடுத்தபோது, கடைச் சாமான் தூக்கிப்போகும் பலத்தோடு இருந்தது. கம்போஸ்டபிள் பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது. ஆனால் அதுவும்கூட மண்ணில் 27 மாதம் கழித்தும் கண்ணுக்குத் தெரிந்தது, எடையைத்தான் தாங்கவில்லை. வெறும் மண் வேறு, சூடேறிய உரக்குவியல் வேறு. 58 டிகிரி என்ற எண் இங்கேதான் முக்கியமாகிறது. மாடியில் வைத்திருக்கும் மண்தொட்டி அவ்வளவு சூட்டை நாள்கணக்கில் தாங்கிப் பிடிக்காது. மக்காச்சோளத்திலிருந்து வரும் பி.எல்.ஏ. என்ற கம்போஸ்டபிள் பிளாஸ்டிக் கோப்பையைக் கத்தரிக்காய்க் காம்போடும் முட்டை ஓட்டோடும் அதில் போட்டால், காம்பு போய்விடும், கோப்பை அப்படியே உட்கார்ந்திருக்கும்.

குப்பைமேட்டில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ராத்ஜே என்ற தொல்லியலாளர் 1980களின் பிற்பகுதியில் பழைய குப்பைமேடுகளைத் தோண்டினார். பல ஆண்டுகளுக்கு முன்பு போட்ட செய்தித்தாள் படிக்கும் நிலையில் கிடைத்தது. காகிதமே மக்கவில்லை. அழுத்திப் புதைந்த குப்பைக்குள் காற்றும் ஈரமும் போதாது. மெதுவாக அழுகுவதும் மீத்தேன் வாயுவைத்தான் விடும். சென்னையின் குப்பைமேடுகளான பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் போய்ச் சேரும் பையில் என்ன அச்சடித்திருந்தால் என்ன?

பேப்பர் கப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும், பேப்பர்தானே, மக்கிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். டீ குடித்த கப்பை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டுப் பாருங்கள். காலையில் காகிதம் கூழாகக் கரைந்து வரும். கையால் வழித்துவிட்டால் உள்ளே கண்ணாடி மாதிரி மெல்லிய தோல் ஒன்று கப்பின் வடிவத்திலேயே நிற்கும். அது பாலிஎத்திலீன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் ஒன்று. டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் கேட்பது ஒன்றும் கெளரவக் குறைச்சல் இல்லை.

சட்டம் இந்த வேறுபாட்டை அறிந்தே வைத்திருக்கிறது. 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கம்போஸ்டபிள் பைக்குக் குறைந்தபட்சத் தடிமன் கட்டுப்பாடு கிடையாது. அந்தச் சலுகைக்குப் பதிலாக, தயாரிப்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும், பையில் அதைக் குறிப்பிடவும் வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் பைக்கோ 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் (0.12 மில்லிமீட்டர்) தடிமன் தேவை. மெல்லிய பை விற்க ஆசைப்படுபவர் ஏன் 'மக்கும்' என்று அச்சடிக்கிறார் என்பது இதிலிருந்தே விளங்கும். 2024இல் திருத்திய விதிகள், பயோடிகிரேடபிள் பிளாஸ்டிக் சிதைந்தபின் நுண்பிளாஸ்டிக் மிச்சம் இருக்கக் கூடாது என்கின்றன. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இயற்கைக்கு உகந்தது, பசுமையானது போன்ற பொத்தாம்பொதுவான விளம்பரத்துக்கு விளக்கமும் ஆதாரமும் கேட்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. மக்கும் என்று சொன்னால் அதற்குச் சான்று வேண்டும்.

கடை வைத்திருப்பவர் மொத்த வியாபாரியிடம் கேட்க வேண்டியது அந்தச் சான்றிதழின் நகல். தயாரிப்பாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் பையில் இல்லையென்றால் அந்தச் சரக்கை வாங்காமல் விட்டுவிடலாம். உணவகம் நடத்துபவருக்கு இன்னும் நல்ல வழிகள் உள்ளன: உட்கார்ந்து சாப்பிடுபவருக்கு வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும், பந்திக்குப் பாக்குமட்டைத் தட்டு, தூக்குவாளி கொண்டுவந்து பார்சல் வாங்குபவருக்கு இரண்டு ரூபாய் குறைத்துக்கொள்வது. வாழை இலைக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை, மாடு தின்றாலும் கெடுதல் இல்லை. வாங்குபவர் செய்ய வேண்டியது அதைவிட எளிது: கையில் ஒரு துணிப்பை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் சொன்னதும் அதுதான். மக்கும் பையைவிட, நூறு தடவை பயன்படுத்தும் பை மேல்.

வீட்டில் பிரிக்கும்போதும் சொல் தெளிவாக இருப்பது உதவும். தூய்மைப் பணியாளர் கேட்கும் மக்கும் குப்பையில் காய்கறித் தோலும் மிச்சச் சோறும் இலையும் போகட்டும். கம்போஸ்டபிள் என்று அச்சடித்த பையை, உங்கள் ஊர் உரக்கூடம் ஏற்றுக்கொள்கிறதா என்று கேட்காமல் அதில் சேர்க்காதீர்கள். அங்கே வேலை செய்பவருக்கு எந்தப் பை எந்த வகை என்று பார்த்துத் தெரியாது, எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே எறிய வேண்டியிருக்கும். வெறுங்கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கும் வேலை அது.

பையில் தமிழில் அச்சடிக்க நினைக்கும் நிறுவனங்களுக்கு என் பரிந்துரை இதுதான். தரச்சான்று பெற்றது என்றால் 'உரக்கூடத்தில் மக்கும்' என்று எழுதுங்கள். வீட்டுத் தொட்டியின் சாதாரணச் சூட்டிலேயே மக்குவதாகத் தனிச்சோதனையில் நிரூபித்திருந்தால் மட்டும் 'வீட்டிலும் மக்கும்'. வெறும் பயோடிகிரேடபிள் என்றால் 'உயிரிகளால் சிதையும்', பக்கத்திலேயே எங்கே, எத்தனை நாளில் என்று. உலோக உப்பு கலந்து, வெயில் பட்டதும் நொறுங்கும்படி செய்த 'ஆக்ஸோ' வகைப் பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து விற்பனையிலிருந்தே நீக்கிவிட்டது. இங்கே அப்படி ஒன்று கைக்கு வந்தால் அதற்கு உரிய தமிழ்ச்சொல் 'நொறுங்கும்' என்பதே. மக்கும் என்று அதை யாரும் அழைக்க வேண்டாம்.