எடிமா என்னும் நீர்வீக்கம்

வைத்தியசாலைத் துண்டில் 'எடிமா' என எழுதப்படுவது, உயிரணுக்களுக்கு இடையிலுள்ள வெளியில் அளவுக்கு மீறி நீர் தங்குவதால் உண்டாகும் வீக்கமாகும். வீங்குதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து பிறந்த இச்சொல், இலத்தீன் வழியாக ஆங்கில மருத்துவத்துக்கு வந்தது; 'வீங்கிய பாதத்தான்' எனப் பொருள்படும் ஈடிப்பசு என்ற தொன்மப் பெயரிலும் அதே வேர் இருக்கிறது.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் இடர் உண்டு. சித்த மருத்துவத்தின் 'சோபை' வடமொழி வழி வந்தது, இன்று பலருக்கு விளங்காது. 'நீர்க்கோவை' என்றால் தடிமன் நினைவுக்கு வரும். 'நீர்க்கட்டு' சிறுநீர் அடைபடுவதைச் சுட்டும். 'நீர்த்தேக்கம்' என்றாலோ மலையகத்தாருக்குக் காசல்ரீ, மவுசாக்கலை அணைகள்தான் நினைவுக்கு வரும். ஆகவே காணும் குறிக்கு 'நீர்வீக்கம்' என்பதையும், அதற்குக் காரணமான நிகழ்வுக்கு 'நீர் தங்குதல்' என்பதையும் கொள்வதே தெளிவு. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தில் "முகம் உப்பியிருக்கு" என்பார்கள். உப்புதல் என்னும் வினைக்கும் கறியுப்புக்கும் சொற்பிறப்பில் உறவு தேட வேண்டியதில்லை என்றாலும், உடலில் அவ்வுறவு மெய்யே.

நாளத்தில் ஏற்றப்படும் சேலைன் என்னும் உப்புநீரில் லீற்றருக்கு 9 கிராம் உப்பு இருப்பது, அது இரத்தத்தின் செறிவுக்கு நிகராக இருக்க வேண்டும் என்பதற்காகவே. அதே கணக்கில், சிறுநீரகம் வெளியேற்றாது விட்ட 9 கிராம் உப்பு ஏறக்குறைய ஒரு லீற்றர் நீரைத் தன்னுடன் நிறுத்திவைக்கும். உடல் நிறையும் ஒரு கிலோ கூடும். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. கருவாடும் சம்பலும் ரொட்டியும் சேரும் நாளில் அந்த எல்லை எளிதில் கடந்துவிடும்.

வீக்கத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது பயன் தராது. கழிப்பறை வசதியில்லாத மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிலர் வேறு காரணத்துக்காகவும் குடிப்பதைக் குறைக்கிறார்கள். நீர் குறைந்தால் வாசோப்பிரசின் என்னும் ஓமோன் கூடி, சிறுநீரகம் இருக்கும் நீரைக் காத்துக்கொள்ளும். தேத்தண்ணீரும் நீர்க் கணக்கில் சேரும். இதய, சிறுநீரக நோயாளர் மட்டும் வைத்தியர் சொன்ன அளவைக் கடைப்பிடிக்க வேண்டும்.

உணவில் புரதம் மிகக் குறைந்தாலும் நீர்வீக்கம் வரும். இரத்தக் குழாய்க்குள் நீரை ஈர்த்து வைத்திருக்கும் அல்புமின் என்னும் புரதம் குறைவது அதற்கு ஒரு காரணம். நெடுநேரம் நிற்பதால் வரும் கால் வீக்கம், காலை உயர்த்திப் படுத்தால் பெரும்பாலும் வடியும். விரலால் அழுத்திய குழி நெடுநேரம் மறையாதிருந்தாலோ, ஒரு கால் மட்டும் வலியுடன் வீங்கினாலோ, மூச்சுத் திணறல் இருந்தாலோ, கர்ப்பிணியின் முகமும் கைகளும் திடீரென வீங்கினாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.