ஞானஸ்நானமா, திருமுழுக்கா?

பங்குக் கோயிலில் குருவானவர் குழந்தையின் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றுவார். குழந்தை வீறிட்டு அழும். குழந்தையின் விசுவாச வாழ்வுக்குத் துணைநிற்கும் ஞானப்பெற்றோர் கையில் மெழுகுதிரி எரியும். கிறிஸ்தவத்துக்குள் சேர்க்கும் இந்தச் சடங்கை இன்றைய கத்தோலிக்கர் திருமுழுக்கு என்பார்கள், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் ஞானஸ்நானம் என்பார்கள். ஆற்றிலோ தொட்டியிலோ ஆளையே அமிழ்த்தி எடுக்கும் பெந்தெகொஸ்தே சபைகளில் 'முழுக்கு ஞானஸ்நானம்' என்ற பேச்சும் உண்டு.

மூலச் சொல் கிரேக்கத்தின் 'பாப்டிஸ்மா'. 'பாப்டிட்சோ' என்றால் அமிழ்த்து, முழுகச் செய். கப்பல் கடலில் மூழ்குவதற்கும் கிரேக்கர் இதே வினையைத்தான் எழுதினார்கள். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், தொழுநோயாளியான நாகமான் யோர்தானில் ஏழு தரம் முழுகி எழுந்ததைச் சொல்லும் இடத்திலும் அதே சொல் வருகிறது.

ஞானம், ஸ்நானம் இரண்டுமே வடசொற்கள். ஆனால் ஸ்நானம் என்றதும் நம் மனசில் வருவது குளியல், அழுக்குப் போவது. பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 6ஆம் அதிகாரத்தில் சொல்வது அதைவிட ஆழமானது: தண்ணீருக்குள் போகிறவர் கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்படுகிறார், அவரோடு புது வாழ்வுக்கு எழுகிறார். இயேசுவும் தம் பாடுகளையே, அதாவது சிலுவைத் துன்பத்தையே, பாப்டிஸ்மா என்கிறார் (லூக்கா 12:50). பழைய தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'ஞான' என்பதை விட்டுவிட்டு, 'முழுகவேண்டிய ஒரு ஸ்நானம்' என்று எழுதியது. சிலுவைச் சாவைச் சொல்ல வந்தபோது 'முழுகு' என்ற தமிழ் வினை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது!

அதற்காக ஞானஸ்நானம் தவறான சொல் இல்லை. 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் இந்தச் சடங்கை 'ஒளி பெறுதல்' என்றே குறிப்பிட்டார். அந்தப் பொருள் 'ஞானம்' என்பதில் அழகாக நிற்கிறது. தலைமுறைகளாக அந்தச் சொல்லைச் சொல்லியே விசுவாசத்துக்குள் வந்தவர்களிடம் போய் அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது.

இருந்தாலும் பொருளுக்கு நெருக்கமான தமிழ் திருமுழுக்குதான். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் இதையே கையாள்கிறது. முழுக்கு நமக்குப் புதிய சொல்லே அல்ல. கோயில் குடமுழுக்கு, மயிலாடுதுறைக் காவிரியில் ஐப்பசிக் கடைமுழுக்கு, வீட்டில் எண்ணெய் முழுக்கு என்று எல்லாப் பக்கமும் புழங்குவது. அப்புறம், ஒன்றை அடியோடு விட்டுவிட்டவரை 'முழுக்குப் போட்டுவிட்டார்' என்கிறோம். திருமுழுக்குச் சடங்கிலும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு: "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" பெற்றோரும் ஞானப்பெற்றோரும் "விட்டுவிடுகிறோம்" என்று பதில் சொன்ன பிறகுதான் குழந்தையைத் தொட்டியருகே கொண்டுபோவார்கள்.