ஃபிசியோனோட்ரேஸ்: சொல் விளக்கம்

1800-ஐ ஒட்டிய அமெரிக்க அச்சுப்படங்களில், இரண்டேகால் அங்குல வட்டத்துக்குள் பக்கவாட்டில் பார்க்கும் முகங்கள் நிறைய உண்டு. அவற்றோடு சேர்ந்தே வரும் சொல் ஃபிசியோனோட்ரேஸ். பலரும் அதைப் படத்தின் பெயர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது அந்த முகக்கோட்டை வரையும் கருவியின் பெயர்.

சொல் பிரெஞ்சு. முகத்தோற்றத்தைக் குறிக்கும் ஃபிசியோனோமியும், கோடு அல்லது தடம் என்று பொருள்படும் டிராஸும் ஒட்டிப் பிறந்தது. ஃபிசியோனோமிக்கு வேர் கிரேக்கத்தில்: ஃபூசிஸ் என்றால் இயல்பு, க்னோமோன் என்றால் அறிந்து சொல்பவர். முகத்தைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 1770-களில் சுவிஸ் போதகர் லவாட்டர் அதைப் பெரிய மோகமாக்கிவிட்டார். அந்த நம்பிக்கையை நம் ஊர் சாமுத்திரிகா லட்சணத்துக்கு உறவு என்று வைத்துக்கொள்ளலாம். சரி, கருவிக்கு வருவோம்.

1780-களில் இதை உருவாக்கியவர் பிரெஞ்சு அரசரின் வெர்சாய் அரண்மனையில் செல்லோ வாசித்த ழில் லூயி கிரெத்தியேன். ஆளுயர மரச்சட்டத்தின் ஓரத்தில் ஒருவரை உட்காரவைத்து, பார்வைக்குழல் வழியாக அவர் முகத்தின் விளிம்பைத் தொடர வேண்டும். குழலோடு இணைத்த பென்சில் அதே கோட்டை அசல் அளவில் தாளில் இழுக்கும். அப்புறம், ஒரு கோட்டை வேறு அளவில் நகலெடுக்கும் இணைச்சட்டமான பேன்டோகிராஃப் கொண்டு அதைச் சிறிதாக்கிச் செப்புத்தகட்டில் ஏற்றுவார்கள்.

அமெரிக்காவில் இதைப் பெரிய தொழிலாக்கியவர் தீஜோன் நகரத்துப் பிரபுவான சான்-மெமன். பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி 1793-இல் நியூயார்க் வந்தவர், பிழைப்புக்காகப் பொறிப்புக் கலையைக் கற்றார். முதலில் கூட்டாளி வால்தெனுயீ வரைய, இவர் பொறித்தார். பிறகு தனியாகவே ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், ரிச்மண்ட் என்று ஊர் ஊராகப் போனார். இளஞ்சிவப்புத் தாளில் கருஞ்சுண்ணத்தால் வரைந்த பெரிய படம், செப்புத்தகடு, பன்னிரண்டு அச்சுகள், மூன்றும் சேர்த்து ஆண்களுக்கு 25 டாலர், பெண்களுக்கு 35. 1804-இல் அவர் முன் உட்கார்ந்தவர்களில் அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனும் உண்டு, வாஷிங்டன் வந்த ஓசேஜ் பழங்குடித் தலைவர்களும் உண்டு.

கருவி கொடுத்தது விளிம்புக்கோட்டை மட்டும்தான். காது, கண் ஓரம், சுருள்முடி, கன்னத்தின் நிழல் எல்லாம் கைவேலை. நிழலுக்குப் பல் சக்கரம் வைத்த சிறு உருளையைத் தகட்டில் ஓட்டுவார்கள். அது விட்டுச்செல்லும் புள்ளிகளில் மை தங்கி, அச்சில் சாம்பல் நிறமாக விழும். ஆகவே ‘இயந்திரப் படம்’ என்று தமிழாக்குவது சரிவராது.

கருவிக்கு ‘முகவரைவி’ போதும். முகவரியை நினைவூட்டினாலும் பொருள் தெளிவு. படத்துக்கு என் தேர்வு ‘பக்கமுகப் பொறிப்பு’. ‘செதுக்கோவியம்’ என்பாரும் உண்டு. ஆனால் அது மரத்தையும் கல்லையும்தான் மனதுக்குக் கொண்டுவருகிறது. பொறித்தல் உலோகத்துக்குப் பழகிய வினை. சேரனும் சோழனும் பாண்டியனும் காசுகளில் வில், புலி, கயல் பொறித்ததாகப் படித்தவர்கள்தானே நாம்! போதாக்குறைக்குப் பொறி என்றால் இயந்திரம் என்றும் பொருள் உண்டு. கருவி பாதி, கை பாதி என்று உருவான படத்துக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு எது?

ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் இதே பெயர், ஒரு ‘க்’ கூடி ஃபிசியாக்னோட்ரேஸ் என்று, வேறொரு கருவிக்கும் வழங்கியது. 1802-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஓவியர் பீலின் அருங்காட்சியகத்தில் வைத்த, ஹாக்கின்ஸ் என்பவர் உருவாக்கிய கருவி அது. அது தந்தது தாளில் வெட்டியெடுக்கும் உருவம். செம்பும் இல்லை, மையும் இல்லை. பீல் வீட்டில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற மோசஸ் வில்லியம்ஸ் அவற்றை ஆயிரக்கணக்கில் வெட்டிக்கொடுத்தார். அவற்றை ‘நிழலுரு’ என்று சொல்லுங்கள். பொறிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.