ஈரம் வற்றாத கொல்லை மூலையில் எதை நடுவது?

மழை விட்டு ஐந்தாறு நாளாகியும் கொல்லையின் ஒரு மூலை சொதசொதவென்று கிடந்தால், பலரும் முதலில் இரண்டு கூடை மணலைக் கொட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். களிமண்ணில் சிறிதளவு மணல் சேர்ந்தால் மண் இளகாது. மணலின் இடுக்குகளைக் களி அடைத்துக்கொண்டு, காய்ந்ததும் செங்கல்போல் இறுகிவிடும்.

முதலில் வடிகாலைச் சோதியுங்கள். ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஓர் அங்குலமாவது இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் வடிகால் மோசம். தோண்டிய மண்ணில் சாம்பல் நிறமும் துருப்புள்ளிகளும் கலந்திருந்தால் அங்கே நீர்மட்டம் ஏறி ஏறி இறங்குகிறது. முழுக்க நீலச்சாம்பலாகி அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், வேருக்குக் காற்றே கிடைப்பதில்லை.

இங்கே செடியைக் கொல்வது மூச்சுத் திணறல்தான். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். வேர் அழுகியதும் நீரை உறிஞ்ச முடியாமல் இலை வாடும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இலை மஞ்சளானால் யூரியா போடுகிறார்கள். தேங்கிய நீரில் அதன் தழைச்சத்தின் (நைட்ரஜன்) ஒரு பகுதி வாயுவாகி வீணாகும். நீர் வடிந்து புதுத்தளிர் வரும்வரை உரத்தை நிறுத்திவையுங்கள்.

பப்பாளி, முருங்கை, மிளகாயை இந்த மூலைக்குக் கொண்டுவரவே கூடாது. பப்பாளி இரண்டு நாள் தேக்கத்திலேயே சாயக்கூடும். வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒன்றரை அடி மேட்டுப்பாத்தி போடுங்கள். சேம்பு, கல்வாழை, வசம்பு ஆகியவை இந்த இடத்தை விரும்பும்; மேலிருந்து வேருக்குக் காற்றைக் கடத்தும் அறைகள் அவற்றின் உடலிலேயே உண்டு. கல்வாழைக் கிழங்கை மூன்று அங்குல ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் ஊன்றலாம். கரை ஓரத்துக்கு வெட்டிவேர். பெரிய இடமென்றால் நீர்மருது, நாவல், புங்கன். வீட்டுச் சுவரிலிருந்து இருபது அடியாவது தள்ளி வையுங்கள்.

வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈரத்தில் தளதளவென்று படரும். ஆனால் அந்த ஈரம் குளியலறை, சாக்கடைக் கழிவுநீரால் வந்ததென்றால் அந்தக் கீரையைப் பறித்துச் சமைக்காதீர்கள். கிருமியோடு கன உலோகங்களும் இலைக்கு வந்து சேரக்கூடும். அங்கே கல்வாழையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடுவதற்கு ஆவணி நல்லது. ஐப்பசி அடைமழைக்கு முன்பே வேர் பிடித்துவிடும். மண் சேறாக இருக்கும்போது மட்டும் இறங்கி மிதிக்க வேண்டாம், இருக்கிற கொஞ்சநஞ்சத் துளைகளும் மூடிக்கொள்ளும்.