நேற்று வரை நன்றாகத்தான் வந்தது

டிஷ் ஆண்டெனாவில் படம் போய்விட்டால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது, “நேற்று வரை நன்றாகத்தான் வந்தது.” படம் நன்றாக வந்திருக்கும், அதை மறுக்கவில்லை. சிக்னல் மட்டும் பல மாதங்களாகத் தேய்ந்துகொண்டே இருந்திருக்கும்.

அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளி புள்ளியாகப் பொரியும். கோளாறு வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும். டிஜிட்டல் ஒளிபரப்பில் படத்தோடு கூடவே பிழைதிருத்தும் தகவலும் வருகிறது. வழியில் சிதைந்த துணுக்குகளை அதை வைத்து செட்டாப் பாக்ஸ் சரிசெய்துவிடும். அதனால் கடைசி வரை படம் பளிச்சென்றே இருக்கும். திருத்த முடியாத எல்லையைத் தொட்டதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அடுத்து “சிக்னல் இல்லை” என்ற அறிவிப்பு வரும். முழுப் படத்துக்கும் வெறும் திரைக்கும் நடுவே இருப்பது, சிக்னலை அளக்கும் அலகில் சொன்னால், ஓரிரு டெசிபெல்தான்.

வந்து சேருகிற சிக்னலே சொற்பம். பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள், ஒரு நாட்டையோ கண்டத்தையோ நனைக்கும்படி அலைகளைத் தூவுகிறது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் விழுவது, ஒரு வாட்டை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் அதில் சில பங்கு. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. அதை லட்சம் மடங்குக்கும் மேல் பெருக்குகிறது. கூடவே, 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இறக்குகிறது. இறக்காமல் கேபிளில் விட்டால் பாதி வழியிலேயே கரைந்து போகும்.

பெருக்கும்போது எல்.என்.பி. தன் சொந்த இரைச்சலையும், அதாவது சிக்னலோடு கலக்கும் வேண்டாத மின் அலைகளையும், சேர்த்தே பெருக்குகிறது. செட்டாப் பாக்ஸ் மெனுவில் தெரியும் இரண்டு பட்டைகளில் ‘பலம்’ என்பது கேபிளில் வரும் மொத்த சக்தி. இரைச்சலும் அதில் அடக்கம். டிஷ்ஷை வெறும் வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தாலும் அந்தப் பட்டை பாதிக்கு மேல் நிற்கலாம். அதைப் பார்த்து “சிக்னல் ஃபுல்லா இருக்கு, பாக்ஸ்தான் போச்சு” என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். நம்ப வேண்டியது ‘தரம்’ என்ற பட்டையை. பலம் இருந்து தரம் பூஜ்யம் என்றால் டிஷ் தப்பான இடத்தைப் பார்க்கிறது, அல்லது எதிரே ஏதோ மறைக்கிறது. இரண்டுமே பூஜ்யம் என்றால் கேபிளையோ எல்.என்.பி.யையோ சந்தேகப்படலாம்.

உடனே ஏணியைத் தூக்க வேண்டாம். எந்தச் சானல்கள் போயின, எப்போது போயின என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஏறக்குறைய பாதிச் சானல்கள் மட்டும் காணவில்லையா? பாக்ஸ் கேபிள் வழியே 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. செங்குத்து அலைகளை எடுக்கும், 18 அனுப்பினால் கிடைமட்ட அலைகளை எடுக்கும். துருப்பிடித்த இணைப்பில் அந்த 18 வோல்ட் தேய்ந்து போய்ச் சேர்ந்தால், எல்.என்.பி. அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும்; கிடைமட்ட அலைகளில் வரும் சானல்கள் போய்விடும். உச்சி வெயிலில் மட்டும் தகராறு செய்தால், சூட்டில் எல்.என்.பி.யின் அலைவெண் நகர்கிறதோ என்று பார்க்கலாம். காற்றடிக்கும்போது மட்டும் என்றால் தளர்ந்த போல்ட், இல்லாவிட்டால் டிஷ் வைத்த நாளில் குட்டையாக இருந்த மரம். வசந்த, இலையுதிர் சம இரவு நாட்களை ஒட்டிச் சில நாட்கள், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சில நிமிடங்கள் படம் போய்த் திரும்பினால் எதையும் தொட வேண்டாம்: சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நின்று தன் ரேடியோ இரைச்சலைக் கொட்டுகிறது.

மழை தனிக் கதை. இந்த அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் பருமனுள்ள துளிகள் அதை உறிஞ்சவும் செய்யும், சிதறடிக்கவும் செய்யும். கொட்டும் மழையில் படம் போவது இயல்பு. தூறலுக்கே போனால், சிக்னலின் கையிருப்பு ஏற்கெனவே கரைந்துவிட்டது என்று பொருள்.

கரைந்தது எங்கே? என் அனுபவத்தில் டிஷ்ஷைவிடக் கேபிளின் நுனிதான் அதிகம் குற்றவாளி. ஒருமுறை நானே அரைநாள் டிஷ்ஷைத் திருப்பித் திருப்பி அலுத்துப்போய், கடைசியில் எல்.என்.பி. பக்கத்து கனெக்டரைக் கழற்றினேன். நடுக் கம்பியில் பச்சைக் களிம்பு. கேபிளின் நடுக் கம்பியைச் சுற்றியுள்ள வெளிக் கம்பிப் பின்னலிலிருந்து தலைமுடி போல ஒற்றை இழை வளைந்து, நடுக் கம்பியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கனெக்டருக்குள் புகும் தண்ணீர் அந்தப் பின்னலைத் திரி போலப் பற்றிக்கொண்டு உள்ளே வெகுதூரம் ஊறும். நுனியை மட்டும் வெட்டினால் போதாது. பின்னல் கறுக்காமல் பளபளக்கும் இடம் வரும்வரை வெட்ட வேண்டும். மாட்டும்போது எல்.என்.பி.க்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இதற்கெல்லாம் முன்பு பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மேலே போகும் மின்சாரம் ஷார்ட் ஆனால் பாக்ஸுக்குத்தான் கேடு.

இவ்வளவுக்குப் பிறகும் தரம் ஏறவில்லை என்றால்தான் டிஷ்ஷில் கை வைக்கலாம். வீட்டு டிஷ் பெரும்பாலும் ஆஃப்செட் வகை. முகம் காட்டும் திசையைவிட அது இருபது டிகிரிக்கும் மேல் உயரத்தைப் பார்க்கிறது. எனவே எதிரே நேராகத் தெரியும் சுவரைத் திட்டுவதில் பயனில்லை. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் மூன்று டிகிரி. விளிம்பில் ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒரு டிகிரி போய்விடும். அதனால் போல்ட்டைத் தளர்த்தும் முன் இப்போதுள்ள இடத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நூலளவு தள்ளிவிட்டு மூன்று நான்கு விநாடி காத்திருங்கள், ஏனென்றால் பட்டை தாமதமாகத்தான் அசையும். அவசரக்காரர்கள் சரியான இடத்தைக் கடந்து போய்விடுவார்கள். இறுதியாகப் போல்ட்டை இறுக்கும்போதும் டிஷ் கொஞ்சம் நகரும். தரத்தைப் பார்த்துக்கொண்டே இறுக்குங்கள்.

வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் அந்தத் தர எண்ணைக் குறித்துப் பாக்ஸின் முதுகில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை “நேற்று வரை நன்றாகத்தான் வந்தது” என்று சொல்வதற்கு முன், அந்தச் சீட்டை ஒரு பார்வை பார்க்கலாம்.