"இன்னும் கொஞ்சம் ஏத்து தாயி"

வீட்டில் கரண்ட் மெஷின் வைத்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு போன வாரமும் ஒருவர் வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா, பல வருஷமாகச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சியே குறைவு. பேரன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த, தோல்மேல் பேடை ஒட்டி நரம்புக்குக் கரண்ட் கொடுக்கிற மெஷினைக் கணுக்காலில் ஒட்டி, ஒன்றும் தெரியவில்லையே என்று கடைசி நம்பர் வரைக்கும் ஏற்றிவிட்டார்கள். பேடை வாங்கிப் பார்த்தேன்: பசை காய்ந்து, ஓரமெல்லாம் சுருண்டு, நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுதான் ஒட்டுகிறது. அத்தனை கரண்டும் அங்கேயே இறங்கி, அதே அளவில் கொப்புளம்.

கரண்ட் வைக்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஏத்து தாயி, காசு குடுத்துல்ல வந்திருக்கேன்." கூட்டினால் கூடுதல் நரம்பிழைகள் சேரும், உண்மை. வலியைச் சொல்லும் இழைகளும் சேர்ந்தே விழிக்கும். ஆனால் ஏற்கெனவே தூண்டப்பட்ட இழை, நீங்கள் இரண்டு மடங்கு கொடுத்தாலும் அதே துடிப்பைத்தான் அனுப்பும், மிச்சக் கரண்ட் வீண்தான். நரம்பு ஓட்டைக் குடம் மாதிரி. சொட்டுச் சொட்டாக நெடுநேரம் ஊற்றினால் ஒழுகிப் போகும், கண் இமைக்கும் நேரத்தில் நிரப்ப வேண்டுமென்றால் அண்டாவோடு கவிழ்க்க வேண்டும். இரண்டிலும் செலவு அதிகம். கரண்டைத் துடிப்புத் துடிப்பாகத்தான் கொடுக்கிறோம்; நெடுநேரத் துடிப்புக்குப் போதுமான குறைந்தபட்சக் கரண்டைப் போல இரண்டு மடங்கு கொடுத்தால் எவ்வளவு நேரத்தில் நரம்பு தூண்டப்படுமோ, அதற்கு லாப்பிக் என்ற பிரெஞ்சுக்காரர் 1909-லேயே 'குரோனாக்ஸி' என்று பெயர் வைத்தார். சட்டென்று ஏறி, சமமாக நின்று, சட்டென்று இறங்குகிற சதுரத் துடிப்பில், துடிப்பின் நீளம் அந்த நேரத்தை ஒட்டி இருக்கும்போதுதான் ஆற்றல் செலவு மிகக் குறைவு.

கை நடுக்கம் போன்ற நோய்க்காக மூளைக்குள் கரண்ட் கம்பியும் உடம்புக்குள் பேட்டரியும் வைத்தவர்களுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் ரீசார்ஜ் ஆகாத பேட்டரி தீர்ந்தால் மறுபடி ஆபரேஷன். 2010-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் துடிப்பின் வடிவங்களைக் கம்ப்யூட்டரில் கலந்து கலந்து வடிகட்டியபோது, நடுவில் மேடாகி இரு பக்கமும் சரிகிற வடிவம்தான் சிக்கனமாக வந்தது. அங்கே அவ்வளவு பாடுபட்டுக் குறைக்கிறார்கள், இங்கே நாம் கடைசி நம்பருக்குப் போகிறோம்.

முகவாதத்தில் நரம்பே செத்திருந்தால் தசையை அசைக்க மிக நீளமான துடிப்பு வேண்டும், வீட்டு மெஷினில் அது வராது, எவ்வளவு ஏற்றினாலும் தோல்தான் எரியும்.

பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் மெஷினைத் தொடவே வேண்டாம். கழுத்தின் முன்பக்கம், கர்ப்பிணியின் வயிறு, புண் உள்ள இடம், எங்கும் ஒட்டாதீர்கள். சுள்ளென்று இல்லாமல் தெளிவாகத் தெரிகிற அளவு போதும். மரத்துப்போன இடத்தில் அதுவும் தெரியாது, அதனால் அங்கே வைக்கவே கூடாது. பேட் ஒட்டவில்லையா, தூக்கிப் போடுங்கள். எச்சில் தொட்டு ஒட்டுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்பத்தாவுக்குத் தினம் கட்டு மாற்றுகிறார்கள். உங்கள் வீட்டிலும் இந்த மெஷின் இருந்தால், தயவுசெய்து அடுத்த முறை வரும்போது பேடோடு எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வேண்டாம்.